கொளத்தூர் போய்ச் சண்டை போடாமல் வந்த கதை

ஜூலை 11, 2024, வியாழன் – அம்பாசமுத்திரம்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. குற்றாலத்துக்கு ஊரே வந்து குவிகிற நேரத்தில் நான் சென்னை வெயிலுக்குக் கிளம்புகிறேன்.

எங்கள் கடையில் வளர்ப்பு மீன், பறவை, அதுகளுக்கான தீனி, கூண்டு, தொட்டி எல்லாம் உண்டு. பதினான்கு வருஷமாக நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். ஆனால் கொள்முதல் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. சென்னையில் வளர்ப்பு மீன் மொத்த வியாபாரம் நடக்கிற கொளத்தூருக்கு ஒரு போன் போடுவார், மறுநாள் காலையில் ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி வந்து இறங்கும். போன மாதம் ஆற்றுப் படித்துறையில் வழுக்கிக் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்தச் சமயம் பார்த்து, வந்த இரண்டு லோடிலும் மோலி மீன் கொத்துக் கொத்தாகச் செத்தது. அறுபது பீஸில் ஒரு வாரத்தில் நாற்பத்தொன்று போச்சு. இவர் போனில் கத்தினார். அந்தப் பக்கம் மொத்த வியாபாரியான பெரியவர், "எங்ககிட்ட இருந்து கிளம்பறப்ப நல்லாத்தான்பா இருந்துச்சு" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சரி, நேரில் போய் இரண்டில் ஒன்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான்தான் வாய் விட்டேன். அப்புறம் கணக்கு நோட்டைப் புரட்டினால், டிசம்பரிலிருந்து நாம்தான் அவருக்கு 8,400 ரூபாய் பாக்கி.

ஆக, சண்டைக்குப் போகிறவள் கைப்பையில் பாக்கிப் பணம். கூடவே ஒரு கிலோ அல்வா. பாக்கிக்காரி அல்வாவோடு வந்து நின்றால் அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாரோ என்று திருநெல்வேலி ஜங்ஷனில்தான் உறைத்தது. அதற்குள் வாங்கியாகிவிட்டது. இரவு நெல்லை எக்ஸ்பிரஸ்.

ஜூலை 12, வெள்ளி – கொளத்தூர்

எழும்பூரில் இறங்கும்போது ஏழு மணிகூட ஆகவில்லை, முதுகில் வியர்வை வழிகிறது. பெரம்பூரில் சித்தி மகன் வீடு. அவன் மனைவி, "மதினி, குளிச்சிட்டு ஒரு ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க" என்று ஏழு இட்லி வைத்தாள். அங்கிருந்து ஆட்டோ 150 ரூபாய்.

கொளத்தூர் என்றால் கோயம்பேடு மாதிரி ஒரு பெரிய மார்க்கெட் இருக்கும், உள்ளே வரிசையாகக் கடை இருக்கும் என்று மனசில் ஒரு படம் வைத்திருந்தேன். அப்படி இல்லை. செங்குன்றம் சாலையில் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. அதெல்லாம் வெளியில் தெரிகிற பகுதி. உள்ளே திரும்பினால் சாதாரணக் குடியிருப்புத் தெரு. வாசலில் கோலம், பக்கத்தில் பைக், கீழ்த்தளம் முழுக்கத் தொட்டி. மாடியில் துணி காய்கிறது, அதற்குப் பக்கத்திலும் தொட்டி. தெருவுக்கே ஒரு சத்தம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஏர் பம்பு ஒன்றாக ஓடுகிற 'ர்ர்ர்'. நம் கடையில் நாலு பம்பு ஓடினாலே சாயங்காலம் தலை வலிக்கும். இங்கே பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

பெரியவர் இடத்துக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கை வரை ஈரம். "அம்பையா? வாங்கம்மா" என்றார். நான் வழக்கம்போல 'அண்ணாச்சி' என்று கூப்பிட, "நான் மளிகைக் கடை இல்லம்மா" என்று சிரித்தார். சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர்தான் என்பதை மறந்துவிட்டேன். பாக்கியை முதலில் கொடுத்தேன், பிறகு அல்வா. முறை மாறியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பணத்தை எண்ணவில்லை. நோட்டில் ஒரு கோடு அடித்துவிட்டுச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. மிக்ஜாம் புயல் தண்ணீர் நின்ற அடையாளம். டிசம்பர் 4-ஆம் தேதி உள்ளே வந்தது, கரண்ட் மூன்று நாள் இல்லை. தெருவில் இறங்கினால் காலுக்கடியில் கோல்டு ஃபிஷ் ஓடியதாம். "பிடிச்சவன் எல்லாம் தொட்டி வாங்க வந்தான், வித்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

எங்களுக்கு அது இரண்டு வாரம் கழித்து வந்தது. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி எங்கள் தெருவைப் பார்க்க வந்தது. கரண்ட் போய், பம்பு நின்று, மீனுக்குக் காற்று கிடைக்கக் கையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். இரண்டாம் நாள் கை விட்டுப்போச்சு. அந்தச் சரக்குக்கான பணம்தான் இந்த 8,400. ஏழு மாதத்தில் அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்புறம் எங்கிருந்து சண்டையை ஆரம்பிக்க?

இருந்தாலும் மோலியைப் பற்றிக் கேட்டேன். எப்படிச் சாகுது என்று அவர் கேட்டார். ஒரே இடத்தில் நின்று உடம்பை மட்டும் ஆட்டும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றேன். என் தோள்பையில் இருந்த பாட்டிலைப் பார்த்து, "அது ஊர்த் தண்ணியா?" என்றார். ரயிலுக்கு வீட்டில் பிடித்த தண்ணீர், கால் பாட்டில் மிச்சம். மேஜை டிராயரிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து அதில் விட்டார். டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளப்பது. 68 காட்டியது. அதே பேனாவை அவருடைய மோலித் தொட்டியில் விட்டார். 840.

"உங்க தண்ணி அல்வாவுக்கு நல்லதும்மா. மோலிக்கு ஆகாது."

பதினான்கு வருஷக் கடை! தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. குளோரின் போக ஒரு நாள் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீர் கேட்கிற ஜாதி. கொளத்தூர் போர் தண்ணீரில் பிறந்து வளர்ந்ததை மலையிலிருந்து இறங்கும் மென்மையான தண்ணீரில் போட்டால் அதன் உடம்பு தாங்காது. நியான் டெட்ராவுக்கு இதற்கு நேர் எதிர், நம் தண்ணீர்தான் சொர்க்கம். யோசித்துப் பார்த்தால், டெட்ரா செத்தது என்று நாங்கள் ஒருநாளும் போன் பண்ணியதில்லை.

"அப்ப ஏன் முன்னாடியெல்லாம் சாகல?" என்று விடாமல் கேட்டேன். போன வருஷம் வரை கடையில் பாதிக்குப் பாதி போர் தண்ணீர் கலந்துதான் விட்டோம். வெள்ளத்துக்குப் பிறகு போர் மோட்டார் ரிப்பேர், குழாய்த் தண்ணீர் மட்டும்தான். பதிலை நானே சொல்லிவிட்டேன். அவர் அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார், அதை நம்பத்தான் நேரம் பிடித்தது. பெட்டி வந்ததும் நாங்கள் கவரைப் பிரித்து, தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஒரு மணி நேரம் ஊற்றிப் பழக்குவோம். அதைத்தான் ஒழுங்கான முறை என்று நினைத்திருந்தோம். பக்கத்து ஊரிலிருந்து வந்த மீனுக்கு அது சரி, பதினைந்து மணி நேரம் கவருக்குள் கிடந்த மீனுக்கு அதுவே எமன் என்கிறார். மீன் விடுகிற கழிவு அம்மோனியாவாகக் கவரிலேயே சேர்கிறது. அதே மீன் விடுகிற மூச்சால் தண்ணீர் கொஞ்சம் புளித்த மாதிரி ஆகி, அந்த அம்மோனியாவின் விஷத்தை அமுக்கி வைத்திருக்கிறது. கவரைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியே போய்விடும், அமுங்கிக் கிடந்த விஷம் முழிக்கும். அதற்குள் மீனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தால்?

"மீனைப் பழக்காதீங்க. தொட்டியை முந்தின நாளே பழக்கி வைங்க." கல்லுப்பு, ஃபில்டருக்குள் ஒரு கை கிளிஞ்சல், பேனாவில் 600-க்கு மேல் வந்த பிறகு பெட்டி. கவரை மூடியபடி இருபது நிமிஷம் மிதக்க விட வேண்டும், பிரித்ததும் வலையில் அள்ளித் தொட்டியில் விட வேண்டும், கவர்த் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். பேனா 250 ரூபாய்க்கு அவரிடமே வாங்கினேன்.

மதியச் சாப்பாடு தெருமுனை மெஸ்ஸில், 110 ரூபாய். சாம்பார் இனித்தது, ரசம் காப்பாற்றியது. பரிமாறியவர் நான் மீன் வாங்க வந்தவள் என்றதும் வறுத்த மீன் வேண்டுமா என்று கேட்டார். இந்த ஜோக்கை அவர் தினமும் சொல்வார் போல, பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பெரியவரை ஒரேயடியாக உத்தமர் ஆக்கிவிடவும் முடியாது. சாயங்காலம் ஆர்டரைப் பார்க்கும்போது கோல்டு ஃபிஷ்ஷுக்கு வந்தேன். நாங்கள் மூன்று இஞ்ச் என்று 18 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த சரக்கு அங்கே தொட்டியில் 'இரண்டரை' என்று ஒட்டியிருந்தது. கையில் ஸ்கேல் இல்லை, சுண்டு விரலை வைத்துக் காட்டினேன். பையனைப் பார்த்து, "யார்றா லேபிள் ஒட்டினது?" என்றார். 15 ரூபாய் ஆனது. போனில் வாங்கினால் சுண்டு விரலைக் காட்ட முடியாது.

ராத்திரி சித்தி மகன் வியாசர்பாடிக்குக் கூட்டிப்போனான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியேறிய பகுதி, தள்ளுவண்டியில் அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். தட்டு 70 ரூபாய். காரம் மண்டையில் ஏறியது. இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன்.

ஜூலை 13, சனி – பொன்னேரிப் பக்கம்

காலை ஆறு மணிக்குப் பெரியவரின் குட்டி யானை வண்டியில் முன்சீட்டு கிடைத்தது. செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு என்று லாரிகளுக்கு நடுவே போனோம். மீன் பண்ணை என்றதும் நான் குளங்களை எதிர்பார்த்தேன். இருந்தது நெல் வயலுக்கு நடுவே வரிசையாக அறுபது எழுபது சிமென்ட் தொட்டி, பின்னால் நாலு மண் குட்டை, எல்லாவற்றுக்கும் மேலே வலை. வலை மீன்கொத்திக்காக. வலைக்கும் அடங்காத எதிரி ஒன்று இருக்கிறது, தட்டான். அது முட்டையிட்டுப் பொரிகிற புழு தண்ணீருக்குள் இருந்து மீன் குஞ்சை ஒவ்வொன்றாகத் தின்கிறது. இத்தனை வருஷம் தட்டான் பறந்தால் மழை வரும் என்பதுதான் எனக்குத் தெரியும்.

ஒரு ஓரத்தில் மாட்டுச் சாணம் கரைத்த தொட்டி, பச்சையாக, நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அதில் மொய்னா என்ற பூச்சி வளர்கிறது. ஒரு டம்ளரில் மொண்டு வெயிலுக்குக் காட்டினார்கள். தூசி மாதிரி சிவப்பாகத் துள்ளுகிறது. இதுதான் குஞ்சுக்குத் தாய்ப்பால். நான் கடையில் 40 ரூபாய்க்கு விற்கிற பாக்கெட் தீனி இங்கே மேஜையில்கூட இல்லை.

நிழல் வலைக்குக் கீழே ஐந்து பெண்கள் உட்கார்ந்து மீன் பிரிக்கிறார்கள். ஆண், பெண், சைஸ், அடிபட்டது. கப்பியில் ஆணுக்குத்தான் வால் அழகு, அதற்குத்தான் விலை. பெண் ஓரமாய்ப் போகிறது. அதை ஒரு அம்மா சொல்லிவிட்டு, "இங்க மட்டுந்தாம்மா அப்படி" என்றார், மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். எண்ணுவது ஐந்தைந்தாக. கண்ணால் பார்த்து வலை நுனியில் ஐந்து அள்ளுகிறார்கள், ஆறு வருவதே இல்லை. நானும் முயன்றேன். மூன்று வந்தது, அப்புறம் ஒன்பது. நாள் கூலி 450, மதியம் சாப்பாடு வீட்டிலிருந்து.

பண்ணைக்காரர் முப்பத்தைந்து வயசுக்காரர், மோர் கொடுத்தார். பெரியவர் தூரத்தில் போன் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன், மோலி உங்களிடம் நேரடியாக எடுத்தால் என்ன விலை? எனக்கு 5 ரூபாய்க்கு வருகிறது, கடையில் 15-க்கு விற்கிறேன். இவருக்கு இரண்டரைதான் கிடைக்கும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நேரடியாக எடுத்தால் இருவருக்கும் லாபம்.

அவர் மோர் டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர் கூட்டிட்டு வந்தாரு, அவர்கிட்டயே எடுத்துக்கோங்கக்கா. புயலுக்கு அப்புறம் தீனிக்குக் காசு அவர்தான் குடுத்தாரு."

எனக்குக் காது வரை சூடேறியது. வியாபாரத்தில் கேட்பது தப்பில்லை, ஆனால் கேட்ட இடம் தப்பு. திரும்பி வரும்போது பெரியவர், "என்னம்மா, விலை கேட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாரும் கேப்பாங்க" என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

திரும்பும் வழியில் தச்சூரில் நுங்கு, பத்து ரூபாய்க்கு மூன்று. சீசன் முடிகிற நேரம், முற்றல்.

ஜூலை 14, ஞாயிறு – பிராட்வே, பிறகு பஸ்

பறவைக்காக ஞாயிற்றுச் சந்தை. ஒன்பது மணிக்கே நெருக்கித் தள்ளுகிறது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜி ஜோடி 300, கொண்டை வைத்த காக்டெயில் கிளி ஜோடி 1,800 என்று ஆரம்பித்து 1,500-க்கு வந்தார்கள். கூண்டில் அடைத்து வைத்திருக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணம் பல கூண்டில் இல்லவே இல்லை. மூக்கில் ஈரம், மலவாய் அழுக்கு, உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பறவை, இந்த மூன்றையும் பார்த்துக் கழித்தால் நூற்றில் இருபதுகூடத் தேறவில்லை. பறவை கொத்துகிற கணவாய் மீன் ஓடும், தினையும் மட்டும் வாங்கினேன். பறவைக்குப் பாவூர்சத்திரத்தில் வளர்க்கிற தம்பியே போதும்.

ஒருவன் என் பக்கத்திலேயே நடந்து வந்தான். கையில் துணிப்பை, அது அசைகிறது. "அக்கா, கிளி வேணுமா, பேசும்." பச்சைக்கிளிக் குஞ்சு. 1972-இலிருந்து இருக்கிற வனவிலங்குச் சட்டத்தில் நம் ஊர்க் கிளியை விற்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். எங்கள் கடைக்கும் வாரம் ஒருவர் வந்து கேட்பார், கோயிலில் வைத்திருக்கிறார்களே, ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்று வாதாடுவார். பையைப் பார்க்காமலேயே நகர்ந்தேன். பார்த்திருந்தால் வாங்கிப் பறக்க விடலாம் என்று தோன்றியிருக்கும். வாங்கினால் அவன் நாளைக்கு இன்னும் நாலு பொந்தில் கை விடுவான்.

அங்கே வியாபாரிகளின் பேச்சே இந்த வருஷம் பிப்ரவரியில் வந்த புது விதியைப் பற்றித்தான். வனவிலங்குச் சட்டப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சாதா லவ் பேர்ட்ஸும் காக்டெயிலும் அதில் வராது, ஃபிஷர் வகை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வரும். இரண்டும் ஒரே கூண்டில் இருந்தால் அதிகாரிக்கு எப்படி விளக்குவது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் தினை வாங்க வந்தவள் என்றேன்.

மதியம் கொளத்தூரில் பேக்கிங். நேற்றிலிருந்து என் சரக்குக்குத் தீனி நிறுத்திவிட்டார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் கவர்த் தண்ணீர் கெடாது. ஒரு பெண் கவரின் இரண்டு மூலையையும் முதலில் ரப்பர் பேண்டால் கட்டுகிறாள், சின்ன மீன் மூலையில் சிக்கி நசுங்காமல் இருக்க. ஒரு பங்கு தண்ணீர், மீன், பிறகு குழாயை விட்டு இரண்டு மடங்குக்கு மேல் ஆக்சிஜன். முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்ட் நாலு சுற்று. கவர் பந்து மாதிரி டம்மென்று நிற்கிறது. சண்டைக்கார ஃபைட்டர் மீனுக்கு ஆளுக்கொரு சின்னக் கவர், உடம்பு நனைய மட்டும் தண்ணீர், நடுவில் செய்தித்தாள். ஒன்றை ஒன்று பார்த்தால் ராத்திரி முழுக்கக் கவருக்குள்ளேயே முறைத்துக்கொண்டு வருமாம். மோலி 120, கப்பி 200, பிளாட்டி 80, நியான் 100, கோல்டு 60, ஏஞ்சல் 40, ஃபைட்டர் 50. மொத்தம் 650 பீஸ், ஐந்து பெட்டி.

அதுவரை எரித்த வெயில் ஐந்து மணிக்கு இருண்டு, இடி, மழை. லோடு ஆட்டோக்காரர் தார்ப்பாய் இல்லாமல் வந்தார். பெரியவர் தன் தொட்டி மேல் கிடந்ததை உருவிக் கொடுத்தார். கோயம்பேட்டில் பஸ் ஏறிய காலத்தில் இதெல்லாம் அரை மணி நேர வேலை. இப்போது கிளாம்பாக்கம், ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. வாடகை 1,200. மீன் வாடையில் நானும், மழையில் ஆட்டோவும்.

பஸ்ஸில் பெட்டிக்கு 600 என்று போனில் சொன்னவர்கள் அங்கே போனதும் 1,000 என்றார்கள். கொடுத்தேன். டிக்கியில் ஒரு பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தான் பையன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனசு கேட்காமல் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஃபைட்டர் பெட்டி. நானே படுக்க வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள் – துவரங்குறிச்சி, பிறகு வீடு

இரவு இரண்டரை மணி. பஸ் நின்ற சத்தத்தில் முழித்தேன். துவரங்குறிச்சி தாண்டி எங்கோ, பெல்ட் அறுந்துவிட்டது. மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும். ஏ.சி. நின்றதும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வெளியே காற்றே இல்லை, டிக்கியைத் தொட்டால் கொதிக்கிறது. டிரைவரிடம், "அண்ணே, கதவையாவது திறந்து வைங்க, உள்ள உசுரு இருக்கு" என்றேன். "கோழியா?" என்றார். மீன் என்றதும் ஏதோ கருவாட்டுக்காரி என்று நினைத்துவிட்டார் போல, அசையவில்லை. ஒரு பெட்டியின் டேப்பைப் பிரித்துக் காட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் நியான் டெட்ரா நூறும் நீலக் கோடு கோடாகத் திரும்பியது. டிரைவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, ஐந்து பெட்டியையும் அவரே இறக்கி வெளியே மண்ணில் வைத்தார்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஃப்ரீசரிலிருந்து உறைந்த தண்ணீர் பாட்டில் நாலு கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி ஒரு பெட்டிக்கு ஒன்று வைத்தேன், ஃபைட்டருக்கு வைக்கவில்லை, அது சூடு தாங்கும். காசு வாங்க மாட்டேன் என்றார். டீக்கு மட்டும் 12 ரூபாய் எடுத்துக்கொண்டார். ஒரு ஃபைட்டர் கவரை எடுத்துக் கொடுத்தேன், நல்ல சிவப்பு. "வீட்ல பாப்பா இருக்கா?" "பேத்தி." "ஹார்லிக்ஸ் பாட்டில்ல விட்டாக்கூடப் போதும், தண்ணியை மட்டும் வாரம் ரெண்டு தடவை மாத்துங்க." பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு, பஸ் கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் இப்போது 649.

ஏழு மணிக்கு வர வேண்டியவள் பத்தே முக்காலுக்கு அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். அதே சாரல். துணி அதே கொடியில்.

தொட்டிகளில் கல்லுப்பும் கிளிஞ்சலும் போட்டுவைக்கச் சொல்லி வெள்ளிக்கிழமையே போன் செய்திருந்தேன். வேலைக்கு இருக்கிற பையன் போட்டிருந்தான். வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, "இருபது வருஷமா மீன் பாக்கறேன், டம்ளர்ல ஊத்தினாத்தான் பழகும்" என்று ஒரே பிடி. வாக்குவாதத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை. மோலியில் பாதியை அவருக்கே கொடுத்தேன், அறுபது. பழைய தொட்டி, பழைய தண்ணீர், பழைய டம்ளர். எனக்கு அறுபது.

பெட்டி பிரித்தபோது மொத்தம் 17 டெட். கப்பி 9, ஏஞ்சல் 5, கோல்டு 3. போட்டோ எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். அடுத்த லோடில் 17 சேர்த்து அனுப்புவதாகப் பதில் வந்தது. வழக்கமாக இந்த எண்ணிக்கை அறுபது எழுபதைத் தொடும். குளித்துவிட்டு, சோறும் சுட்ட அப்பளமும் தின்றுவிட்டு, சாயங்காலம் ஆறு வரை தூங்கினேன்.

ஜூலை 22, திங்கள்

பயணம் முடிந்துவிட்டது, ஆனாலும் இதை எழுதாமல் விட முடியாது.

என் தொட்டியில் ஒரு வாரத்தில் நாலு மோலி போச்சு. அவருடையதில் முதல் இரண்டு நாளிலேயே பதினொன்று. புதன்கிழமை மீதியெல்லாம் நின்ற இடத்தில் ஆட ஆரம்பித்தன. நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று. அதற்கப்புறம் சாவு நின்றுவிட்டது. மீனும் நீந்த ஆரம்பித்துவிட்டது. பார்த்தாயா, பழகிக்கொண்டது என்றார்.

நேற்று ராத்திரி கடையை அடைக்கும்போது பேனாவை அவர் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். 640. அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தேன், அடி தெரிந்தது. காலையில் மளிகைச் சீட்டில் கல்லுப்பு இரண்டு கிலோ என்று சேர்த்து எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணா எழுது" என்றார்.